சோப்பில் ஓட்டை போட்டவள்

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ஓட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் கோபமில்லை. ஒன்பது வருடம் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டியவள், மாலை வகுப்புக்குப் போய், கம்ப்யூட்டரில் இயந்திர பாகங்கள் வடிவமைக்கக் கற்று, டிசைன் அறையில் தற்காலிகமாக ஒரு நாற்காலி பிடித்தவள். ஓட்டை என்றால் அவளுக்கு உயிர். திரையில் ஒரு கட்டையை வரைந்த கையோடு ஓட்டையைப் போட்டுவிடுவாள், மற்றதெல்லாம் பிறகுதான்.

வீட்டில் இதற்கு ஒத்திகை, சோப்புக் கட்டியில். கத்தியால் செதுக்குவாள், குடைவாள். பேருந்து ஓட்டும் கணவருக்குத்தான் அவஸ்தை.

"குளிக்கப் போனா விரல் உள்ள மாட்டிக்குது. இந்த வீட்ல முழு சோப்பையே கண்ணால பாக்க முடியாதா?"

"பாதி சோப்புக்கே ஒரு மணி நேரம் குளிக்கிறீங்க" என்பாள்.

டிசைன் அறையில் திறமையைக் காட்ட அவளுக்குக் கொடுத்த தவணை மூன்று மாதம். கடைசி நாளன்று மேலாளர் ஒரு வேலை தந்தார்: தண்ணீர் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டிக்குப் புது மூடி.

"மதியத்துக்குள்ள முடிச்சிடும்மா. சரியா வந்தா இந்த நாற்காலி உனக்கு. இல்லன்னா மறுபடி பேக்கிங்தான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் செவ்வகம் வரைந்தாள், அதை உயர்த்திக் கட்டையாக்கினாள். வழக்கம்போல மூலைகளில் திருகாணிக்கு நான்கு ஓட்டை, பிறகு நடுவில் ஒயருக்கு ஒன்று. கடைசியாக, அடிப்பக்கத்தைத் திறந்து, மூன்று மில்லிமீட்டர் சுவரை மட்டும் விட்டு உள்ளே குடையும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். திருப்பிப் பார்த்தால், உள்ளே ஐந்து குழாய்கள் நின்றன!

கம்ப்யூட்டருக்கு நம் மனசில் இருப்பது எங்கே தெரியும்? ஓட்டையின் உள்பக்கமும் ஒரு சுவர்தானே என்று, அதைச் சுற்றியும் மூன்று மில்லிமீட்டர் விட்டுக் குடைந்திருந்தது. குடைந்த பிறகுதான் ஓட்டை போட வேண்டும். முதல் வாரத்துப் பாடம் அது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஓட்டையக்கா, இது மூடியா, புகைபோக்கியா?"

எல்லாவற்றையும் அழிக்கப் போன அவள் கை பாதியில் நின்றது. பேக்கிங்கில் இருந்தபோது, உடைந்து திரும்பி வந்த மூடிகளைப் பிரித்துப் பார்த்தவள் அவள்தான். அத்தனையிலும் விரிசல் திருகாணி அடியில்தான். முடுக்க முடுக்க, கீழே தாங்க எதுவுமில்லாமல் மூடி வளைந்து உடையும். இப்போதோ ஒவ்வொரு திருகாணிக்கும் அடிவரை ஒரு தூண்!

நான்கையும் அப்படியே விட்டாள். செய்த வேலைகளைத் திரையோரம் வரிசையாகக் காட்டும் பட்டியலில், ஒயர் ஓட்டையை மட்டும் பிடித்து இழுத்து, குடைந்ததற்குப் பிறகு வரும்படி கீழே போட்டாள். நடுக்குழாய் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம், பிளாஸ்டிக்கில் பொருளையே வார்த்துத் தரும் முப்பரிமாண பிரிண்டரில் வந்த மூடியை மேலாளர் பலகையில் வைத்துத் திருகாணி போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இது எப்படிம்மா தோணுச்சு?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தோணல சார். தப்பா வந்துச்சு. நாலு தப்பை வச்சுக்கிட்டு ஒண்ணை மட்டும் திருத்திட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நாற்காலி உன்னோடதுதான்மா. ஓட்டையக்காங்கிற பேரும்தான்."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து விஷயத்தைச் சொன்னாள். கணவர் உள்ளே போனார். துணிகளுக்கு அடியில் தனக்கென்று ஒளித்துவைத்திருந்த புத்தம்புது சோப்பை எடுத்துவந்து, கத்தியோடு அவள் கையில் கொடுத்தார்.

"இந்தா, ஆசை தீரக் குடை."