கண்ணாடிக்கு வைத்த பொட்டு

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் நான். அந்தப் படிப்போடுதான் காப்பார் ஊரில் லோரிப் பட்டறை போட்டேன். சதுப்பு நிலம், கட்டடம் நிற்காது என்றார்கள், இன்றும் நிற்கிறது. கோயில் தேருக்குச் சக்கரம் செய்ய எஞ்சினியர் வேண்டும் என்றார்கள். நான் செய்த சக்கரத்தில்தான் சாமி வீதி சுற்றுகிறார். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஒன்பது வயதில் நான் செய்த முதல் வேலைதான் யாருக்கும் தெரியாது. எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

எங்கள் சித்தப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு போட்டோ கடையில் இருந்தார். வேலை, இருட்டறையில் பிலிம் கழுவுவது. கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், அவரைக் கேமராவைத் தொட விடமாட்டார். கிள்ளானில் எங்கள் வீட்டில் சித்தப்பா சொந்தமாக ஒரு தொலைநோக்கி செய்து வைத்திருந்தார். ஆளுயரக் குழாய், அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் குழிந்த கண்ணாடி, வாய்ப்பக்கம் தீப்பெட்டி அளவில் சாய்ந்த சின்னக் கண்ணாடி. அதன் வழியே நிலாவைத் துல்லியமாகப் படம் பிடித்துக் காட்டினால் படம் எடுக்கும் வேலையே தருகிறேன் என்று தவுக்கே ஒரு வாரத்துக்குக் கேமராவை இரவல் கொடுத்திருந்தார்.

முதல் சுருளில் நிலா வால் முளைத்து வந்தது. இரண்டு கண்ணாடியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கவில்லை என்றார் சித்தப்பா. குழாயை ஸ்டூல்கள் மேல் படுக்கவைத்து, பக்கவாட்டு ஓட்டையில் காலி பிலிம் டப்பாவைச் செருகி, அதில் போட்ட ஊசித்துளையில் கண்ணை வைப்பார். அடியில் இருந்த மூன்று திருகுகளைத் திருப்புவது நான்.

"வலது பக்கம் திருப்புடா."

"யாரோட வலது சித்தப்பா? உங்களுதா, என்னுதா?"

"கண்ணாடியோட வலதுடா!"

கண்ணாடிக்கு ஏது வலது? எனக்குப் புரியவில்லை. ஒன்றை இறுக்கினால் மற்ற இரண்டும் கெட்டன. "வட்டத்துக்குள்ள வட்டமா தெரியுது. எது நடுன்னு எனக்கே தெரியல லா," என்று அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்படியே ஆறு நாள் போனது.

ஏழாம் நாள் ஆயுத பூசை. மறுநாள் கேமரா கடைக்குத் திரும்ப வேண்டும். சித்தப்பா பெரிய கண்ணாடியைக் கழற்றிக் கழுவி, துண்டின் மேல் காயவைத்துவிட்டுப் பிலிம் வாங்கப் போயிருந்தார். அம்மா என் கையில் சந்தனமும் குங்குமமும் கொடுத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார். அப்பாவின் லோரிக்கு வைத்தது கோணலாகி ஏற்கெனவே ஒரு திட்டு வாங்கியிருந்தேன். அதனால் கண்ணாடிக்கு வைக்கும்போது கவனம். பழைய பேப்பரை அதே வட்டத்துக்கு வெட்டி, தோரணத்துக்கு மடிப்பதுபோல் நாலாக மடித்து, முனையைக் கிள்ளி விரித்து மேலே போட்டேன். ஓட்டை வழியே தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு. நட்டநடுவில்.

சித்தப்பா வந்தார். ஓர் அறை விட்டார். காது 'ஙொய்' என்றது.

"ஆறு நாளா உயிரை விடுறேன், நீ பொட்டு வைக்கிறியா?" பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனவரை அம்மா தடுத்தார்.

"பூசையன்னிக்கு வச்ச பொட்ட அழிக்கக் கூடாது தம்பி. லோரியே பொட்டோட ஓடுது, உங்க குழாய்க்கு மட்டும் என்னவாம்?"

"அண்ணி, நாளைக்குக் கேமராவ குடுக்கணும்!"

"அப்போ பொட்டோடயே எடுங்க."

அண்ணி பேச்சை மீறும் பழக்கம் அவருக்கில்லை. முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியை மாட்டி, டப்பாவில் கண்ணை வைத்தார். கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். பிறகு குரல் மாறி வந்தது. "டேய், மேல் திருகை லேசா திருப்பு. இன்னும். போதும், போதும்!" பத்து நிமிடத்தில் எழுந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். அறைந்த கையும் அதுதான். எதற்கு அடி, எதற்குக் கொஞ்சல்?

டப்பாவை உருவிவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். வட்டங்களுக்கு நடுவே என் கண், அதன் நடுவில் சிவப்பு! அறைந்ததில் கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது என்று நினைத்து ஓவென்று அழுதேன்.

அன்று சாயங்காலம் வானம் தெளிந்திருந்தது. நிலாவின் குழி ஒவ்வொன்றும் விளிம்பு வெட்டியதுபோல் படத்தில் விழுந்தது. தவுக்கே அதைக் கடை முகப்பில் மாட்டினார். சித்தப்பா படம் எடுப்பவரானார். அதன் பிறகு ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அவரே கண்ணாடியைக் கழற்றி, பேச்சில்லாமல் என் முன்னால் வைப்பார். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதருக்குப் பக்தி வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் பட்டறைக்கு ஒரு பையன் கொண்டுவந்த வேனில் தொலைநோக்கி இருந்தது. எட்டிப் பார்த்தேன். கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு சின்ன வளையம்.

"என்ன தம்பி இது?"

"அத வச்சுத்தான் அங்கிள் ரெண்டு கண்ணாடியையும் நேர் பண்ணுவோம். நடு தெரியலன்னா குருட்டு வேலைதான்."

"படத்துல விழாதா?"

"சின்னக் கண்ணாடியோட நிழல் அங்கதான் விழுது. அது சும்மா கிடக்குற இடம் லா."

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். தொழிற்சாலையில் ஒட்டுகிற வளையத்தை நான் ஒன்பது வயதில் தீக்குச்சியால் வைத்திருக்கிறேன்! சித்தப்பாவுக்கு இது தெரியும். வருடாவருடம் கண்ணாடியை நீட்டினார்; ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது அவர் மகள், என் தங்கை, அவர் எடுத்த படங்களைப் புத்தகமாகப் போடுகிறாள். அதற்குத்தான் என்னிடம் இந்த நினைவைக் கேட்டாள். தங்கச்சி, அந்த நிலாப் படத்துக்குக் கீழே உன் அப்பா பெயரைப் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்திலேயே 'நடு குறித்தவர்' என்று என் பெயரும் வர வேண்டும். அதே அளவு எழுத்தில்.