மூக்கனும் ஆட்டுக் கொட்டகை கேமராவும்

மூக்கன் என்ற பெயரைக் காவ்யா முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், சோற்றில் கை வைத்திருந்த நேரம். தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் கரகரவென்று முனகிவிட்டு மறுபடியும் நின்றது. மாமியார் சொர்ணவல்லி அண்ணாந்து பார்த்தாள்.

"மூக்கன்ட்ட சொல்லியாச்சு. மூக்கன் மனசு வச்சா இன்னைக்கே சரியாயிரும்."

காவ்யா புதுக்கோட்டை டவுனில் பிறந்து வளர்ந்த பெண். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் என்னென்ன சாமி இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? புது மருமகள் பவ்யமாகத்தான் கேட்டாள்: "அந்தக் கோயில் எங்க அத்தை இருக்கு? நாமளும் ஒருநாள் போயிட்டு வருவமா?"

அவள் புருஷன் வசந்துக்குப் புரையேறிவிட்டது. சொர்ணவல்லி சிரித்த சிரிப்பில் ரசக் கிண்ணம் கவிழ்ந்தது. சாயந்திரம் மொபெட்டில் ஏணியைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்து இறங்கினார். அதற்குள் அவருக்குச் சேதி எட்டியிருந்தது. வாசலில் நின்றபடியே, "கோயில் வந்துருக்கு, சூடம் ஏத்துறியளா?" என்றார். அன்றைக்குத்தான் காவ்யா மூக்கனைப் பார்த்தாள்.

ஆள் சாமி இல்லைதான். ஆனால் பெயர் சாமி போட்ட பிச்சை. சொர்ணவல்லியின் அப்பா கூடப் பிறந்த அத்தை பிச்சையம்மாள். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும் மூக்கைக் குத்தி வளையம் போட்டு, மூக்கன் என்று பெயர் வைத்து, தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கினார்கள். தவிடு அளந்து போட்டு வாங்கியது சொர்ணவல்லியின் ஆத்தாதான். அதனால் இன்றைக்கும் மூக்கன் கொஞ்சம் வாய் நீட்டினால் போதும், "ஒன்னய எங்காத்தா ஒரு படி தவிட்டுக்கு வாங்குச்சு, அந்த வெலைக்கு ஏத்த மாதிரி பேசு" என்பாள் சொர்ணவல்லி. அவரும் விடமாட்டார். அத்தை மகன் அல்லவா? "ரெண்டு வருஷம் முந்திப் பொறந்திருந்தா இந்த வீட்டுக்கு நான் ஏணியோட வந்திருக்க வேணாம் அத்தாச்சி, மாலையோட வந்திருப்பேன்."

படிப்பு எட்டோடு சரி. கல்யாண வீடு, கோயில் கொடை என்று டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கொண்டுபோய் விடிய விடியப் படம் போட்டார். பிறகு குடை போன்ற டிஷ் வைத்துச் சுற்று வட்டார வீடுகளுக்கு எல்லாம் கேபிள் இழுத்தார். டிஷ் காலம் போய்ப் பெட்டி காலம் வந்து, அதுவும் போய் இப்போது கண்ணாடி நூல் மாதிரி ஒரு வயரில் இன்டர்நெட் கொடுக்கிறார், இடையில் ஃபேன் ரிப்பேரும் பார்ப்பார். முப்பது வருஷமாக ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஏறி இறங்கியதில், எந்த வீட்டில் யார் யாருக்கு என்ன முறை, யாரோடு யார் பேசுவதில்லை, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

காவ்யாவுக்குப் பெங்களூர்க் கம்பெனியில் வேலை. வசந்துக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உத்தியோகம், அசைய முடியாது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சம்மதம் வாங்கிய பிறகுதான் கல்யாணத்துக்கே தேதி வைத்தார்கள். வைஃபை போட்டு, மேசை வாங்கி, கம்ப்யூட்டர் வைத்து, முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வைஃபைக்கு என்ன வந்ததோ, பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது. ஐந்து நிமிஷத்தில் வரும், பத்து நிமிஷத்தில் மறுபடி போகும். காவ்யா திரையில் பாதி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பதைப் பார்த்து, அவளுடைய மேலாளருக்கு அந்த முகமே பழகிவிட்டது.

வைஃபை பெட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்கள், பரணில் வைத்தார்கள், ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டால், "அணைச்சுட்டுப் போடுங்க மேடம்" என்றார்கள். சொர்ணவல்லி தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துப் பெட்டியின் கொம்பிலேயே தொங்கவிட்டாள். அதற்கும் அசையவில்லை.

அந்த வாரம் மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வெளிநாட்டுக்காரர்களோடு கூட்டம். அதிலும் லைன் அறுந்தால் திங்கட்கிழமை காவ்யா பெங்களூர் ஆபீஸில் இருக்க வேண்டும். கல்யாணமாகி எட்டு மாதம். வசந்த் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

காவ்யாவுக்கு மாமியார்மேல் ஒரு சந்தேகம். வருகிறவர் போகிறவர் எல்லாம் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மெதுவாகத்தான் கேட்டாள்: "அத்தை, நம்ம பாஸ்வேர்டை யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

சொர்ணவல்லி அடுப்படிக்குள் போய்விட்டாள். மறுநாள் காலைக் காபியில் சர்க்கரை இல்லை. அதுதான் பதில்.

கடைசியில் மூக்கனுக்கே ஆள் அனுப்ப, வியாழக்கிழமை அவர் வந்தார். கம்பத்திலிருந்து வீடுவரை வயரைத் தடவிக்கொண்டே வந்தார். ஏணி போட்டு ஓட்டின்மேல் ஏறினார். மீட்டர் வைத்துப் பார்த்தார். இறங்கி வந்து ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"வாய்க்கால்ல தண்ணி நெறைய வருதும்மா. உள்ளதான் யாரோ மடையப் பிடுங்குறாக. சரி, ஒண்ணு சொல்லு. அறுகாம ஓடுன நாளுன்னு ஏதாச்சும் இருக்கா?"

காவ்யா யோசித்தாள். "போன வெள்ளிக்கிழமை மாமா. காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் ஒரு தடவைகூடப் போகல."

மூக்கன் செம்பைக் கீழே வைத்தார். மூக்கில் அந்தப் பழைய ஓட்டையைத் தடவினார். யோசனை வந்தால் விரல் அங்கேதான் போகும்.

"போன வெள்ளி ஒங்க பங்காளிக கருப்பர் கோயில்ல கெடா வெட்டு. ட்ராக்டர் வச்சு தெருவே கெளம்பிப் போச்சு. நீ வேலைன்னு போகல. அத்தாச்சி, நான் சொல்றது சரியா?"

சொர்ணவல்லி அடுப்படியிலிருந்து, "கூலிக்கு வந்தவன் வேலயப் பாரு. கெடா வெட்டுக் கதை ஒனக்கெதுக்கு?" என்றாள். அவளுக்கு மருமகள்மேல் இருந்த கோபம் ஆறவில்லை.

மூக்கன் கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார். திரையில் பட்டியல் ஒன்று விழுந்தது. அந்த வைஃபையில் அந்த நிமிஷம் ஒட்டிக்கொண்டிருந்த போன்கள், டிவிகள். மொத்தம் இருபத்து மூன்று. வீட்டில் இருப்பது மூன்று பேர்.

மூக்கன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மொய் வாசிப்பவர் மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். "மருதாயி போன். அது ஒன் சின்ன மாமியா. செம்மல், அது மருதாயி மகன். குழந்தைசாமி, அது மேல வீட்டுத் தாத்தா, அவருக்கு எதுக்கு இன்டர்நெட்டு? ஐயனார் ஹால் டிவி. இது ஒங்க பெரிய மாமனாரு. ஐயனார் ரூம் டிவி. அட, ரூமுக்கு ஒண்ணு தனியா! ஆட்டுக் கொட்டகை…"

"என்ன மாமா?"

"ஆட்டுக் கொட்டகை கேமரா. ஐயனாரண்ணன் மகன் சிங்கப்பூர்ல இருக்கான்ல, வாங்கி அனுப்புனான். அங்கிட்டு இருந்து நாள் பூரா ஆடு பாக்குறான். இங்கிட்டு நீ வெள்ளைக்காரன்ட்டப் பேசுறப்ப, அங்கிட்டு ஆறு ஆடும் சிங்கப்பூர் போய்க்கிட்டு இருக்கு. போன வெள்ளி வெட்டுற கெடாவோட, வீட்டுல பாக்க ஆளில்லன்னு இந்த ஆறு ஆட்டையும் ட்ராக்டர்ல ஏத்திட்டுப் போயிட்டாரு. ஆடு இல்லாத கொட்டகைக்குக் கேமரா எதுக்குன்னு அணைச்சிருப்பாரு."

காவ்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண் மட்டும் அடுப்படிப் பக்கம் போனது. மூக்கன் அதைக் கவனித்துவிட்டார். குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், அடுப்படிக்குக் கேட்கட்டும் என்றுதான்.

"இந்த இருபத்து மூணுல எங்க அத்தாச்சி பொறந்த வீட்டு ஆளு ஒருத்தராச்சும் இருக்காகளான்னு பாரு. ஒருத்தரும் இல்ல. எல்லாம் பங்காளிக. அத்தாச்சி எடுத்துக் குடுக்குற ஆளா இருந்தா, மொத ஆளா அண்ணன் மகன்ல இருந்திருப்பான்?"

சொர்ணவல்லி கரண்டியோடு வெளியே வந்தாள். "அப்படிக் கேளு! எங்கண்ணன் மகன் வந்து ரெண்டு நாளு தங்கி, கெஞ்சுனான். வசந்து சொல்லக் கூடாதுன்னுட்டான், நான் வாயத் தொறக்கல. எம் பொறந்த வீட்டுக்கே குடுக்காதவ, இவுக ஆட்டுக்கா குடுப்பேன்?"

காவ்யா எழுந்து நின்றுவிட்டாள். "தப்புதான் அத்தை."

"நாளைக்குக் காபில சர்க்கரை போடுறேன், உக்காரு."

"அப்ப எப்படித்தான் உள்ள வந்தாங்க?" என்றாள் காவ்யா.

"பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டார் மூக்கன்.

வசந்த் வைத்தது. கருப்பர் என்று குலசாமி பெயர், பின்னால் குடமுழுக்கு நடந்த வருஷம், இரண்டாயிரத்துப் பதினாலு.

மூக்கன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கவும் தோன்றாமல் சிரித்தார். "இந்தத் தெருவுல பதினோரு பங்காளி வீட்டுக்கும் லைன் குடுத்தது நான்தான். பதினோரு வீட்டுலயும் அதே கருப்பரு, அதே வருஷம்! ஒருத்தரும் ஒருத்தருட்டயும் கேக்கல. அவுகவுக கட்டுன காசு தீந்து லைன் முடிஞ்சிருக்கு, பக்கத்துல ஒண்ணு தெரிஞ்சிருக்கு, தன் சாமி பேரத் தட்டிருக்காக, தொறந்துருக்கு. கருப்பரே தொறந்து விட்டாருன்னு இருந்துட்டாக. அதான் நாலு மாசமா லைனப் புதுப்பிக்க ஒரு வீட்டுலயும் என்னையக் கூப்பிடல. நான் என்னமோ ஊருல எல்லாரும் போன விட்டுத் திருந்திட்டாகன்னுல்ல நெனச்சேன்!"

பாஸ்வேர்டை மாற்ற அரை நிமிஷம் போதும். சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. சொர்ணவல்லி அதை மறைக்காமல் சொன்னாள்: "மாத்துனா நாளைக்கே எங்க மூத்தாரு, அந்த ஆட்டுக்காரரு, வாசல்ல வந்து நிப்பாரு. பங்காளி வந்து நேருக்கு நேரா கேட்டா, இல்லன்னு சொல்ல என் நாக்கு வராது. தெரியாதுன்னு பொய்யும் வராது. என்னையத் திட்டாதீக."

மூக்கன் விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். அப்புறம் கண்ணில் ஒரு களவாணித்தனம் வந்தது. திரும்பி உட்கார்ந்து எதையோ தட்டினார். காவ்யாவின் கம்ப்யூட்டரிலும் வசந்த் போனிலும் அவரே போட்டுக் கொடுத்தார். எழுந்து, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஓடத் தோதாக வாசற்படியில் நின்று சொர்ணவல்லியின் காதருகே குனிந்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

கரண்டி பறந்தது. நல்லவேளை, ஏணியில் பட்டது. "ஏண்டா தவிட்டுப் பயலே! அது ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"இருவது வருஷத்துக்கு முந்தி ஒங்க கூரையில கேபிள் கட்டிக்கிட்டு இருந்தேன் அத்தாச்சி. ஆளில்லன்னு நெனச்சு எங்கண்ணன் கொல்லையில நின்னு ஒங்களக் கூப்பிட்டாரு. ஓட்டு மேல இருந்தவன் காத எங்க கொண்டுபோயி வைக்க?" என்று சொல்லிக்கொண்டே மொபெட்டைக் கிளப்பிவிட்டார்.

சொர்ணவல்லியின் புருஷன் நிலவழகன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவள் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்தபோது முகம் சிவந்திருந்தது. கோபம் என்று காவ்யா நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. மூன்றே காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம். பெரிய மாமனார் ஐயனார், கையில் போனோடு. கதவு ஒருக்களித்த அறையில் காவ்யா வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காது வாசல் பக்கம்.

"ஏத்தா சொர்ணம், வைபை புதுசாக் கேக்குதே. பயலு சிங்கப்பூர்லேருந்து ஆட்டக் காணோம் ஆட்டக் காணோம்ங்கிறான். என்ன பேரு போட்டிருக்கீக?"

சொர்ணவல்லி கதவுக்குப் பின்னால் நின்றாள். "மூக்கன்தான் மாத்துனான் அத்தான்."

ஐயனார் அங்கேயே மூக்கனைக் கூப்பிட்டு, ஊருக்கே கேட்கும்படி போனைப் பிடித்தார். "அண்ணே, அது அத்தாச்சி சொத்துண்ணே. அவுக வாயால சொன்னாத்தான் மருவாதி" என்றது மூக்கன் குரல். அவர் பக்கத்தில் யாரோ சிரிப்பதும் கேட்டது.

"சொல்லேன்த்தா. நான் தட்டிக்கிறேன்."

அறைக்குள் காவ்யா ஒரே கணக்கை இரண்டு தடவை சொன்னாள். சொல்லிவிட்டால் இன்னும் ஐந்து நிமிஷத்தில் ஆறு ஆடும் உள்ளே வந்துவிடும்.

சொர்ணவல்லி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அது ஒங்க தம்பி என்னையக் கூப்பிட்ட பேரு அத்தான். அவுகளத் தவிர யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

ஐயனார் போனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை ஒரு துடை துடைத்தார். "சரித்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போகிற வழியிலேயே அவர் மூக்கனிடம், "டேய், எங்க லைனப் புதுப்பிச்சு விடுடா. ஆடு தெரியணும்" என்று சொன்னது தெருமுனை வரை கேட்டது.

கூட்டம் ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. ஒரு தடவைகூட அறுகவில்லை. திங்கட்கிழமை காவ்யா பெங்களூர் போகவில்லை. வசந்த் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழக்கத்துக்கு மாறாக அல்வா வாங்கி வந்தான். சொர்ணவல்லி தன் போனிலும் வைஃபை வேண்டும் என்றாள். காவ்யா போனை வாங்கி வைஃபையைத் திறந்தாள். "குடு, நானே போட்டுக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அந்தப் பெயரைத் தட்டினாள். காவ்யாவுக்கு அது தெரியும். கம்ப்யூட்டரில் கண் படம் போட்ட இடத்தை அமுக்கினால் எழுத்து தெரியுமே. பலாச்சுளை. அன்றிலிருந்து இன்றுவரை அவள் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

ஒரே மாதத்தில் பதினோரு வீடும் லைனைப் புதுப்பித்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு, எல்லாம் புருஷன்மார் ஆளில்லாத நேரம் கூப்பிடும் பெயர்கள். எந்த வீட்டில் எந்தப் பெயர் என்று முழுசாகத் தெரிந்தவர் மூக்கன் மட்டும்தான். அதனால் அந்தத் தெருப் பெண்கள் யாரும் இப்போது அவரிடம் எதிர்த்துப் பேசுவதில்லை, சொர்ணவல்லியைத் தவிர.

பதினோரு லைனும் திரும்பி வந்த தெம்பில் மூக்கன் இப்போது கந்தர்வக்கோட்டையில், தஞ்சாவூர் ரோட்டில் ஒரு செல்போன் கடையின் பாதியை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருக்கிறார். ஏணி வெளியே சாய்ந்திருக்கும்.