அத்தான் பேசி முடிக்கட்டும்

காய்கறிக் கடைக்காரர் முட்டை அட்டையை எடுத்து நீட்டுகிறார். அத்தான் தலையை ஆட்டி மறுக்கிறார். "முட்... முட்டை..." என்று மறுபடி தொடங்குகிறார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் ஐந்து பேர். கைக்கெட்டும் தூரத்தில் முட்டைக்கோஸ் குவிந்து கிடக்கிறது. விரலை நீட்டிக் காட்டினால் வேலை முடிந்தது. காட்டமாட்டார். நான் வாயைத் திறந்தால் உள்ளங்கையைக் காட்டி அடக்குகிறார். ஒருவழியாக "கோ...ஸ்" வந்து சேர்கிறது. நல்லவேளை, ஒன்றுதான் வேண்டுமாம். ஏழு என்றால் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்துதான் ஏழில் இறங்குவார்.

என் அக்காவின் கணவர். பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் தொடங்கினால் பெஞ்சில் குறட்டை விடுபவனும் எழுந்து பெட்டியைத் தேடுவான். வீட்டிலும் அதே குரல்தான். அவர் பேச நான் கேட்டே எனக்குப் பாதி வயது போயிற்று.

போன வருடம் ஒரு மதியம், அறிவிப்பின் நடுவே அவர் சொற்கள் குழைய ஆரம்பித்தன. ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று நினைத்து எலக்ட்ரீஷியனை மேலே அறிவிப்பு அறைக்கு அனுப்பினார்கள். மைக்கின் மேல் சாய்ந்து கிடந்தவரை அவர்தான் பார்த்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. வலது கையும் காலும் பாதி போயின. பேச்சு கிட்டத்தட்ட முழுக்கப் போயிற்று. பிறர் பேசுவது எல்லாம் புரியும். சொல்ல வேண்டியதும் தெரியும். வாய்க்குத்தான் வராது. தட்டைக் கேட்க நினைத்துக் கதவைக் கேட்பார்.

நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்களைப் பார்க்கவில்லை. கரண்டியை விட்டெறிந்தார். நான் தினமும் போய், "எல்லாம் சரியாயிடும் அத்தான்" என்று முதுகைத் தடவிவிட்டு வருவேன். ஒருநாள் திரும்பிப் படுத்து, நோய் வந்தபின் முதன்முதலாக, நினைத்த சொல்லையே தெளிவாகச் சொன்னார்: "போடா."

அதற்கப்புறம் ஒருநாள், அக்கா வெளியே போயிருந்தபோது தொலைபேசி அடித்திருக்கிறது. பார்சல் கொண்டுவந்தவர், எந்த மாடி என்று கேட்டிருக்கிறார். எடுத்த அத்தானுக்கு "மூணாவது" வரவில்லை. எதிர்முனையில் இருந்தவர், "மெதுவா சொல்லுங்க சார், நான் கீழதான் நிக்கிறேன்" என்றாராம். பதினொரு நிமிடம் நின்றாராம். பார்சலில் இருந்தது மிதியடி. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு அக்காவிடம் அத்தான் இந்தக் கதையைச் சொல்லி முடிக்க மறுநாள் ஆயிற்று.

அன்று பிடித்தது எங்களுக்குச் சனி. காலையில் கண்ணாடி முன் நின்று நாக்கைத் துருத்துகிறார், கன்னத்தை உப்புகிறார். தெருவில் இருக்கும் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் வாய்விட்டுப் படிக்கிறார். பல் ஆஸ்பத்திரிப் பலகை முன்னால் மட்டும் கால் மணி நேரம் நிற்க வேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதற்கு உடந்தை, பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள். "நீங்க முடிச்சுக் குடுக்கக் குடுக்க, அவர் ஆரம்பிக்கறதையே விட்டுடுவார்" என்று என்னைத்தான் திட்டினார். செவ்வாய்க்கிழமைகளில் இவரைப் போன்ற நாலு பேர் ஆஸ்பத்திரியில் கூடுகிறார்கள். நாலு பேருக்கும் சேர்த்து நாற்பது வார்த்தை இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சண்டை போட்டுச் சிரிக்கிறார்கள். நான் வெளியே வண்டியோடு காத்துக்கிடக்கிறேன்.

சில நாள் அறைக் கதவின் பிடியில் துண்டு தொங்கும். "இன்னிக்கு... லீ...வு" என்று அர்த்தம். உள்ளே அழுவது கேட்கும். அக்கா கதவைத் தட்டமாட்டாள்; டீயை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். "போய்ப் பாரேன்கா" என்று நான் பதறினால், "அவருக்கு அழத் தெரியும்டா, நீ உன் வேலையைப் பாரு" என்பாள். மறுநாள் காலை துண்டை அவரே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாக்கைத் துருத்தக் கண்ணாடிக்குப் போய்விடுவார்.

இரண்டு மாதத்துக்கு முன் வேலையில் தொடர முடியுமா என்று விசாரிக்க அழைத்தார்கள். விருப்ப ஓய்வுக்கு நான் அழகாக ஒரு மனு எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்தார், மடித்தார், என் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார். "நா...ன் பேசறேன்."

அதிகாரி அவரை ஒரு கேள்வி கேட்டார். கொஞ்சம் பொறுத்துவிட்டு என்னைப் பார்த்து, "இவர் என்ன சொல்ல வர்றார்?" என்றார். எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தானுக்கு வேர்த்துக் கொட்டியது. இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவரே சொல்வார் சார்" என்று சொல்லிவிட்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"மைக்... வேணாம்," என்றார் அத்தான். "வே...லை வேணும்."

தொலைந்த பொருட்கள் அறையைக் கொடுத்தார்கள். குடை, டிபன் பெட்டி, ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி. எல்லாவற்றிலும் இடது கையால் எழுதிய சீட்டு, கோழி கிளறியதுபோல. போன வாரம் பேருந்தில் விட்ட என் பையை வாங்கப் போனேன். மச்சினன் என்று பார்த்தாரா? "எ...ன்ன நிறம்?" என்று கேட்டுப் படிவத்தை நீட்டினார். என் பேருந்துக்கு நாலு நிமிடம்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

அப்போது ஒரு பெண் ஓடி வந்தாள். எதையோ பேருந்தில் விட்டுவிட்டாள். என்னவென்று சொல்ல முடியவில்லை. அழுகையும் மூச்சும் முட்டிக்கொண்டு வந்தன. "பர்ஸாம்மா? போனா? சட்டுன்னு சொல்லும்மா" என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அத்தான் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். வலது காலை இழுத்துக்கொண்டு, நாற்காலியை இடது கையால் தள்ளியபடியே கவுண்டரைச் சுற்றி வந்து, அவளுக்குப் பக்கத்தில் போட்டார். அவள் உட்கார்ந்ததும், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.