வலிக்காத பல்லில் கடித்த பருத்தி விதை

மாடசாமி அண்ணன் வாயைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கீழ்க் கடைவாய்ப் பல் நடுவே பிளந்து, இரண்டு பாதியும் தனித்தனியாக ஆடின. ஐந்து மாதத்துக்கு முன் நான்தான் அதற்கு ரூட் கேனால் செய்திருந்தேன்.

அவர் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தி வாங்கும் வியாபாரி. முதல் தடவை கன்னம் வீங்கி அருப்புக்கோட்டையில் என் கிளினிக்குக்கு வந்தவர், "புடுங்கி எறிஞ்சிருங்க டாக்டரம்மா" என்றார். காப்பாற்றலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். மூன்று சிட்டிங்கில் நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து அடைத்தேன்.

"இனிமே வலிக்குமாம்மா?"

"நரம்பையே எடுத்தாச்சுண்ணே. இதுல இனி வலியே தெரியாது."

அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை. ஆனால் குடைந்த பல்லுக்குச் சுவர் மெலிசு. மேலே உறைபோல ஒரு கேப் போடாவிட்டால் தாங்காது. அதற்கு வரச் சொன்னேன். "பருத்தி சீசன் முடியட்டும், வாரேன்" என்றார். சரி என்றேன். அதுவரை அந்தப் பக்கம் கடினமாக எதையும் கடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. வெளியே கூட்டம் என்பதெல்லாம் வெறும் சாக்கு.

"எதைக் கடிச்சீக?" என்று கேட்டேன்.

"பருத்தி வெதைதாம்மா. படக்குன்னு ஒடைஞ்சா காஞ்ச பருத்தி, நசுங்குனா ஈரம். முன்ன வலப்பக்கம் கடிப்பேன். இதுல வலியே தெரியாதுன்னீகள்ல, மத்த பல்லு எதுக்குத் தேயணும்னு எல்லாத்தையும் இதுலயே கடிச்சேன்."

பருத்தி வியாபாரிகள் விதையைக் கடித்துப் பார்ப்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மண்டையில் உறைக்கவில்லை.

எக்ஸ்ரேயில் பிளவு வேர்வரை போயிருந்தது. "எடுக்கத்தான்ணே வேணும்" என்றேன்.

"நீங்க அம்புட்டு பாடுபட்டுக் காப்பாத்துனீக. நாந்தான் கெடுத்துப்புட்டேன். கோவிச்சுக்கிறாதீகம்மா."

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஊசி மருந்து எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது நரம்பெடுத்த பல்லோடு யாரையும் சும்மா அனுப்புவதில்லை. என்ன வேலை, வாயில் எதைக் கடிப்பீர்கள் என்று கேட்கிறேன். தறிக்காரர் நூலைக் கடிப்பேன் என்பார். கேப் போடும்வரை கூடாது என்று இரண்டு தடவை சொல்கிறேன். எச்சரிக்க வலி இல்லாத பல்லுக்கு டாக்டர்தான் எச்சரிக்க வேண்டும். இளைய டாக்டர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

மாடசாமி அண்ணன் இன்னமும் எனக்கு ஆள் அனுப்புகிறார். போன வாரம் வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னார்: "டாக்டரம்மா சொன்னதக் கேக்காமத்தான் அவுக பல்லு போச்சாம். நீங்க சொல்றதத் தட்டாம கேக்கச் சொன்னாக."