பாஸ்கல் விட்ட மாத்திரை

வில்லியனூர்ப் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் பாஸ்கலைப் போல லாரிக்குக் கட்டு தூக்க ஆள் கிடையாது. வயது முப்பத்திரண்டு. தலைவலியோடு மூக்கில் ரத்தமும் கொட்டியதென்று மனைவி அன்னாமேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனபோதும், "வெயிலுடி" என்று சிரித்துக்கொண்டுதான் போனான்.

டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி இரண்டு தடவை அழுத்திப் பார்த்து, பிரஷர் அதிகம் என்றார்.

"பிரஷரா? எங்கப்பனுக்கே அம்பதுலதான் வந்துச்சு. இள ரத்தம் தாங்கும்மா."

"தாங்காதுப்பா. சீக்கிரம் வந்தா அத்தனை வருஷம் கூடுதலா மூளையும் இதயமும் அடி வாங்கும். உப்பைக் குறை, சாராயத்தை விடு. மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது."

சாராயத்தை விட்டான். மாத்திரையில் தலைவலி போயிற்று. நோயும் போயிற்று என்றான்.

நெற்றியில் சாம்பல் பூசி நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்துக்கு ஊரில் ஒருவன் பீடியை விட்டான், இன்னொருவன் சீட்டாட்டத்தை. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் சிலுவை சுமப்பவன் பாஸ்கல். அவனுக்கு விட எதுவும் மிச்சமில்லை.

"மாத்திரைய வுடப்போறேன்."

"இன்னாய்யா பேசற? அது இன்னா பீடியா?"

"ஆண்டவர நம்பி வுடறேன். தடுக்காத."

சாமி காரியம். அதற்குமேல் வாயைத் திறக்க அன்னாமேரிக்குப் பயம். தவக்காலத்தில் கறி ஆகாத வீட்டில் தினமும் கஞ்சிக்குக் கருவாடு சுட்டாள். அதில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விரதச் சோறுதானே என்று அவளுக்கு அது உறுத்தவே இல்லை.

பெரிய வெள்ளி. ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்த ஸ்தலம், சிலுவை சுமப்பவன் விழுந்து காட்டும் இடம். பாஸ்கல் சிலுவையோடு சரிந்தான்.

"இன்னாமா வுழுறான் பாரு, அப்படியே ஆண்டவர் மாதிரி" என்றாள் ஒருத்தி. கூட்டம் முழந்தாளிட்டு, கண்ணீரோடு பாட்டை உயர்த்தியது.

அவன் வாய் ஒருபக்கம் இழுத்திருந்ததை அன்னாமேரிதான் பார்த்தாள். "பாட்ட நிறுத்துங்க! அவரு நெசமா வுழுந்துட்டாரு!" அவள் அலறல் பாட்டுக்குள் போய்விட்டது. சிலுவையை அவளே புரட்டித் தள்ளிய பிறகுதான் கூட்டம் எழுந்தது.

உயிர் தங்கியது. வலக்கை தங்கவில்லை.

மறுவருஷம் சாம்பல் புதனன்றே, சிலுவை ஊரில் இன்னொருவனான மரியதாஸ் தோளுக்கு என்று முடிவாயிற்று. சாம்பல் பூசிய நெற்றியோடு கட்டிலில் கிடந்த பாஸ்கல் குழறினான்: "இந்த வருஷம் இன்னாத்த வுடறது?"

"கருவாட்ட வுடு."

மாத்திரையை அவன் நாக்கில் வைத்து, தொண்டை ஏறி இறங்கும்வரை அன்னாமேரி அங்கேயே நின்றாள்.