அப்பா கட்டிய யூதாஸ் வேசம்

அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் ஒரு வாடை வரும். அதோடு ஆட்டு ரோமத்தின் மொச்சையும் சேர்ந்தால், அதுதான் என் சின்ன வயதில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் தவக்காலத்தின் வாடை. அப்பா கண்ணாடித் துண்டைச் சுவரில் சாய்த்து வைத்து, கண்ணுக்குக் கீழே அந்தக் கரியை இழுத்து, ஆட்டு ரோமத் தாடியைச் சோற்றுப் பசையால் ஒட்டுவார். ஒட்டி முடித்துத் திரும்பும்போது அது எங்கள் அப்பா இல்லை, யூதாஸ். நான் ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்வேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த வருஷம் உயிர்த்த ஞாயிற்றுக்கு எங்கள் கோயில் வாலிபர்கள் யேசுவின் பாடுகளைக் குறும்படமாக எடுத்து, மண்டபச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் ஒருவன் என்னிடம் வந்து, "எப்படி பாட்டி இருக்கு படம்?" என்று கேட்டான். அன்று தொடங்கிய நமைச்சல் இன்னும் நிற்கவில்லை. கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள்தான். ஆனாலும் நல்ல நாடகம் எது என்று எனக்குத் தெரியும். யூதாஸ் கட்டிய அந்தோணியின் மகளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான், ஆனால் யேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்துக்கு முழுத் தோட்டமும் வரும். மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்களும், மாசியில் காமன் கூத்துக்கு வேசம் கட்டுகிறவர்களும் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மத்தியானமே வந்து இடம் பிடிப்பார்கள். அவர்களுக்குக் கூத்தும் இதுவும் ஒன்றுதான். வேசம் கட்டினால் அந்த ஆள் மேல் 'அது' இறங்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை, சொல்லப்போனால் எங்களுடையதும் அதுதான். யேசு வேசம் கட்டும் சவரிமுத்து மாமாவின் காலில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். நாடகம் முடிந்ததும் வேசக்காரர்கள் ஆற்றில் முழுகி, வேசத்தைத் தண்ணீரோடு விட்டுவிட்டுத்தான் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குள் கால் வைக்க வேண்டும். இது வேதத்தில் இல்லை, கூத்திலிருந்து வந்த பழக்கம். உபதேசியார் முகத்தைச் சுளிப்பார், ஆனால் தடுக்க மாட்டார்.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். அந்த வருஷம் அப்பா கட்டியதுதான் வேசம். சவரிமுத்து மாமாவின் கன்னத்தில் முத்தமிடப் போகும்போது ஒரு நொடி தயங்கி, பின்னால் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான், பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். "நாசமாப் போவடா!" என்று ஒரு கிழவி எழுந்தே நின்றுவிட்டது. அன்றைக்கென்று பெரிய மழை, ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. மற்றவர்கள் பாலத்துக்குப் பக்கத்தில் எப்படியோ முழுகிவிட்டு வந்தார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் நேராக வந்து லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியில் முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார்.

அடுத்த வாரம் சவரிமுத்து மாமாவின் காம்பராவில் ஒரு கூட்டம் நடந்தது. அவர்தான் தோட்டத்துச் சங்கத் தலைவர். கூரைத் தகரம் மாற்றித் தராவிட்டால் எல்லோரும் ஒரே காலையில் பெரட்டுக்குப் போகாமல் நிற்பது என்று பேசினார்கள். பெரட்டு என்றால் விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மறுநாள் அதே பெரட்டில், எல்லோருக்கும் முன்னால் தோட்டத்தை நடத்தும் தொரை, சவரிமுத்து மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பேசிய பேச்சையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லி, அவருடைய வேலையை நிறுத்திவிட்டார்.

சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலமே லயத்துக்குத் தெரிந்துவிட்டது.

"வேசத்த ஆத்துல விடாம பீலிக்கில்ல கொண்டாந்தான்? அது எங்க போகும்? அவன் மேலதான் இருக்கு" என்றார் பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா.

அதற்குப் பிறகு நான் குடத்தோடு பீலிக்குப் போனால், "யூதாஸு மகளே, அங்கிட்டு நில்லுடி. நாங்க பேசறத இன்னைக்கு யாருகிட்டப் போயி ஒப்பிக்கப் போற?" என்பார்கள். மலையில் அம்மாவுக்கு அடுத்த நிரையில் நின்று கொழுந்து பறிக்க யாரும் வரவில்லை. அப்பா முதலில் கத்தினார். பிறகு கெஞ்சினார். "ஏம்மா, நடிக்கத்தானே செஞ்சேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் போய்ச் சொன்னார். பிறகு பேச்சையே விட்டுவிட்டார். வேலை இழந்த சவரிமுத்து மாமா நாட்டுப் பக்கம், சிங்கள ஊர் ஆட்களின் மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்வந்தார். பல மாதம் கழித்து வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அப்பா பக்கம் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர் மேல்தான் அதிகக் கோபம்.

மறு தவக்காலத்தில் யூதாஸ் வேசத்துக்கு வேறு ஓர் ஆளைப் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். அவன் முத்தமிட்டபோது ஒத்திகை பார்க்க வந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து உபதேசியார் எங்கள் வாசலில் வந்து நின்றார். "அந்தோணி, நீ இல்லாம நாடகம் இல்லப்பா."

அம்மா உள்ளே இருந்தே பதில் சொன்னது: "போன வருசம் கட்டுனதயே இன்னும் கழத்த முடியல. இன்னொன்னா?"

அப்பா எழுந்து போய் ஆட்டு ரோமத்தைத் தேடி எடுத்தார். ஏன் ஒத்துக்கொண்டார் என்று பெரியவளான பிறகு கேட்டேன். "நல்லா கட்டத் தெரிஞ்சவன் கட்டாம இருந்தா, அவனுக சொன்னது சரின்னு ஆயிரும்ல?" என்றார்.

நாடகத்தன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். நாடகம் பார்க்க வந்தார்களோ எங்களைப் பார்க்க வந்தார்களோ, யார் கண்டது? ஒலிவ மலைக் காட்சி வந்தது. அப்பா படைவீரர்களோடு நடந்து வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. மாமாவின் முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. முத்தமிட வேண்டும், முடியவில்லை. "முத்தங் குடு, முத்தங் குடு" என்று உபதேசியார் திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

அப்போது யேசுவாக நின்ற சவரிமுத்து மாமா ஓர் அடி முன்னால் வந்து, அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தில் தாமே முத்தமிட்டார். ஆட்டு ரோமத் தாடி கழன்று அவர் கையோடு வந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, தம் இரண்டு கைகளையும் படைவீரர்களிடம் நீட்டினார், கட்டுங்கள் என்று.

நாடகம் முடிந்ததும் உபதேசியார் குதித்தார். "வேதத்துல இல்லாதத ஏன்யா செஞ்ச?"

"வேதத்துல இல்லாட்டி என்னாங்க ஐயா, லயத்துல செய்ய வேண்டியிருந்துச்சு" என்றார் மாமா.

மறுநாள் பீலியில் பாக்கியம் அக்கா தன் குடத்தை நகர்த்தி, என் முகத்தைப் பார்க்காமல், "வையிடி, ரொம்பத்தான்" என்றார். அவ்வளவுதான் மன்னிப்பு. ஆனால் அன்றைக்கு அம்மாவின் பக்கத்து நிரையில் ஆள் நின்றது.

இப்போதைய படங்களைக் குறை சொல்ல வரவில்லை. வாலிபர்கள் எடுத்தது கண்ணாடி மாதிரித் துல்லியமாக இருக்கிறது, பாட்டும் காதுக்கு இனிமைதான், மரியாளாக வந்த பிள்ளை நன்றாகவே அழுதது. போனிலும் பேரப்பிள்ளைகள் நிறையப் போட்டுக் காட்டுகிறார்கள். நல்ல சட்டை போட்ட பையன்கள் தேயிலை மலை உச்சியில் நின்று கையை விரித்துப் பாடுகிறார்கள். எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒன்று எடுத்தார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம், "அக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா, படத்துல விழுறீங்க" என்றார்கள். அவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தப் பாட்டுப் படத்தில் வெற்று மலை அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் பாதி பார்க்கிறார்கள், விரலால் தள்ளி அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை, யாரும் மண் வாரித் தூற்றவில்லை.

நாடகம் நடந்த இடத்தில் இன்று முச்சக்கர வண்டிகள் நிற்கின்றன. வேசம் விட்ட ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. படம் முடிந்த அன்று, யூதாஸாக நடித்த பையன் யேசுவின் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு, "உன்னை யாராச்சும் ஏசினாங்களாப்பா?" என்று கேட்டேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பாட்டி, ஏன் ஏசணும்? நடிப்புத்தானே" என்று சொல்லிவிட்டு, அடுத்த போட்டோவுக்கு ஓடினான்.

நடிப்புத்தானே. இந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று எங்கள் அப்பா ஒரு வருஷம் வாசல் வாசலாக நின்றார். இன்று அது சும்மா கிடைக்கிறது. அதற்குச் சந்தோஷப்படவா வேண்டாமா என்றுதான் நடந்துகொண்டிருக்கிறேன்.