வலது காலைக் கவனிச்சுக்கோ

ரங்கூனில் ஒன்பது மழைக்காலம் கால்பந்து விளையாடினேன். ஐந்து டீம். எதிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. நான் பேக். கோலுக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறிப்பது என் வேலை. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவார்கள். பேக்கை யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. ஆனால் எங்காவது ஒரு டீமில் பேக் அடிபட்டுப் படுத்தால் மறுநாளே என்னைத் தேடி ஆள் வரும். ஆட்டத்துக்காகக் கூப்பிடுகிறவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது வேலையும் போட்டுத் தருவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், மர ஆலையில் கட்டை உருட்டினேன், எல்லாம் பந்தினால் வந்த வேலை.

மர ஆலை டீமின் சென்டர் ஃபார்வர்ட் ஒரு பர்மாக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணன் என்ற அர்த்தத்தில் அவரை 'அகோ' என்று கூப்பிடுவேன். ஆலையில் எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசுவார். ஒரு வருஷம் அவருக்கு வலது முழங்கால் பிசகியது. தினமும் சாயங்காலம் எண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துவிட்டவன் நான். எந்த இடத்தில் தொட்டால் அவர் முகம் சுளிக்கும் என்பது என் விரலுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் மர ஆலையில் ஆள் குறைத்தபோது என் வேலை போயிற்று. பசுந்தாங் பகுதியில் ஓடையை ஒட்டியிருந்த ஓர் அரிசி ஆலையின் மேஸ்திரி என்னை வந்து கூட்டிப் போனார். எங்கள் பக்கத்துத் தமிழர்தான். மழை முடிகிற வரைக்கும் வேலை, அதற்குமேல் பார்க்கலாம் என்றார்.

ஆலைகளுக்கிடையே நடந்த கோப்பை ஆட்டத்தில் கடைசிச் சுற்றுக்கு வந்த இரண்டு டீமும் அவைதான், அரிசி ஆலையும் மர ஆலையும். அந்த ஆட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் மேஸ்திரி என்னைத் தராசுக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அந்த பர்மாக்காரன் இல்லேன்னா அவங்க டீமே இல்ல" என்றார்.

"ஆமாங்க."

"அவன் வலது காலைக் கொஞ்சம் கவனிச்சுக்கோ."

புரியாதவன் போல நின்றேன்.

"நீ அவனோட இருந்தவன். நான் சொல்லித் தரணுமா? மழை நின்னப்புறமும் உனக்கு இங்க வேலை வேணுமில்ல?"

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மேஸ்திரி அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் மைதானத்தில் கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். எங்களில் யாருக்கும் பூட்ஸ் கிடையாது. அகோ நேராக என்னிடம் வந்தார். "சாப்பிட்டியா?" என்றார் தமிழில். சாப்பிட்டேன் என்றேன். மேஸ்திரி சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்ல வாயும் திறந்தேன். மேஸ்திரி கோல் கம்பத்தருகில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அகோ போய்விட்டார்.

மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க பர்மாக்காரர்கள், எதிர்ப்பக்கம் தமிழும் தெலுங்கும் பேசுகிற எங்கள் கூலியாட்கள். துறைமுக வேலைக்குப் போட்டி முற்றி இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. நிறையப் பேர் கையில் குடை இருந்தது. மழை இல்லை.

முதல் பாதியில் அகோ என்னை இரண்டு தடவை தாண்டிப் போனார். இரண்டாம் தடவை அந்த முழங்கால் என் காலுக்கு எதிரே, எட்டும் தூரத்தில் இருந்தது. காலை இழுத்துக்கொண்டேன். அவர் கோல் போட்டார். இடைவேளையில் மேஸ்திரி பக்கத்தில் வந்தார். தன் முழங்காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் பாதியில் நாங்களும் ஒரு கோல் போட்டோம். ஆட்டம் முடியும் நேரம். பந்து ஒரு சேற்றுக் குழியில் விழுந்து அப்படியே நின்றது. அந்தப் பக்கமிருந்து அவர் ஓடி வந்தார், இந்தப் பக்கமிருந்து நான். எனக்குப் பந்து மட்டும்தான் தெரிந்தது. சறுக்கிப் போய்ப் பந்தை உதைத்தேன். பந்து போய்விட்டது, என் உடம்பு நிற்கவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். அவர் என்மேல் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே அவர் வலது கால் வேறு பக்கம் பார்த்தது.

ஜனம் உள்ளே ஓடி வந்தது. எழுந்து ஓடப் பார்த்தேன். அகோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடாதே. ஓடினா கொன்னுடுவாங்க. என் கூடவே வா."

பிறகு பர்மிய மொழியில், சுற்றி நின்றவர்களிடம் தொண்டை கிழியச் சொன்னார்: "அவன் பந்துக்குத்தான் வந்தான். நான் பார்த்தேன். வழி விடுங்க."

அவரை ஒரு பெஞ்சில் படுக்கவைத்து நாலு பேர் குதிரை வண்டி வரைக்கும் தூக்கிப் போனார்கள். நான் பக்கத்திலேயே நடந்தேன். யாரோ என் முகத்தில் வெற்றிலை எச்சிலைத் துப்பினான். குடைக் காம்பு ஒன்று முதுகில் விழுந்தது. வலியில் அகோவின் உதடு வெளுத்துப்போயிருந்தது, ஆனாலும் பிடி தளரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குதிரை வண்டியிலிருந்து இறக்கும்போதுதான் விட்டார்.

மறுநாள் காலை மேஸ்திரி என் தோளில் கை போட்டார். "சொன்ன மாதிரி செஞ்சுட்ட. உன் வேலை இனிமே நிரந்தரம்."

"நான் வேணும்னு செய்யலீங்க."

"எங்கிட்டயுமா?" என்று சிரித்தார்.

அந்த வேலையை அன்றைக்கே உதறிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். இரண்டு வாரம் அங்கேயே இருந்தேன். போக வேறு இடம் இல்லை.

ஆட்டம் நடந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அகோவின் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

"உன்னை யாராவது செய்யச் சொன்னாங்களா?" என்று கேட்டார் அகோ.

"சொன்னாங்க."

"அதுக்காகச் செஞ்சியா?"

"இல்ல, அகோ."

அகோ என் பக்கம் திரும்பினார். "சொல்லாம இருந்திருந்தா அவ்வளவு வேகமா வந்திருப்பியா?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அந்த இரண்டு வாரம் கழித்து வேலையை விட்டு, ஆற்றைத் தாண்டி சிரியத்துக்குப் போய் அங்கே ஒரு டீமில் இரண்டு வருஷம் ஆடினேன். ஆடினேன் என்று பெயர். யாராவது பந்தோடு எதிரே வந்தால் அரை அடி பின்வாங்கிவிடுவேன். கேப்டன் முதலில் திட்டிப் பார்த்தார், அப்புறம் என்னை வெளியே உட்காரவைத்தார்.

அந்த நிலைமையில்தான் அகோ சம்பான் படகில் வந்து இறங்கினார். கால் கூடிவிட்டது, ஆனால் குட்டை. கையில் தடி. மர ஆலை டீமை இப்போது அவர்தான் பழக்குகிறாராம்.

"எங்களுக்கு பேக் இல்ல. வா."

"உங்க ஆளுங்க என்னை விடுவாங்களா?"

"நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

"எனக்கு இப்ப பயம், அகோ. கால் போக மாட்டேங்குது."

"தெரியும். ஆறு தாண்டி வந்து ரெண்டு ஆட்டம் பார்த்தேன்" என்றார்.

போனேன். முதல் ஆட்டத்தில் என் காலில் பந்து பட்ட உடனே மர ஆலை பக்கத்து ஜனமே ஊளையிட்டது. கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு அகோ உட்கார்ந்திருந்தார். எதிர் டீமின் ஃபார்வர்ட் பந்தோடு என்னை நோக்கி வந்தான். பின்வாங்காமல் உள்ளே போனேன். இருவரும் சேற்றில் விழுந்தோம். பந்து எங்கள் ஆளிடம் போயிற்று. அந்த ஃபார்வர்ட் எழுந்து, தொடையில் ஒட்டிய சேற்றை வழித்து எறிந்துவிட்டுத் திரும்ப ஓடினான். ஒன்றும் ஆகாமல் ஓடுகிற அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பந்து மறுபடி எங்கள் பக்கம் வந்துவிட்டது. அன்று நாங்கள் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.